கண்ணுக்கு இமை இருக்கு, காதுக்கு இல்லை: ஸ்லாஷர் படங்களின் சத்த வரலாறு (நீண்ட த்ரெட்)

1/
சில மாசம் முன்னாடி ஒரு நைட் டியூட்டி. 19 வயசுப் பொண்ணு ஒருத்தியை அம்மாவும் அண்ணனும் தூக்கிட்டு வந்தாங்க. (அடையாளங்களை மாத்தியிருக்கேன்.) வீட்ல லேப்டாப்ல ஒரு கத்திக்குத்துப் படம் ஓடிட்டிருந்திருக்கு. திடீர்னு ஒரு பெரிய சத்தம். பொண்ணு அப்படியே சரிஞ்சுட்டா. ஆஸ்பத்திரி வர்றதுக்குள்ள தெளிஞ்சும் போச்சு.

"இவ சின்னதுலேர்ந்தே பயந்தாங்கொள்ளி சார்"னு அண்ணன் சிரிச்சார்.

அவளுக்கு என்ன ஆச்சுன்னு கடைசில சொல்றேன். அதுக்கு முன்னாடி அந்தச் சத்தத்தோட கதையைப் பார்ப்போம்.

2/
ஸ்லாஷர்னா என்னன்னு எல்லாருக்கும் தெரியும். முகமூடி போட்ட ஒருத்தன், கையில கத்தி, நாலைஞ்சு இளவட்டங்கள், ஒவ்வொருத்தரா காலி.

ஒரு சோதனை பண்ணுங்க. பயமான காட்சில கண்ணை மூடிக்கங்க. பயம் போகாது, ஏறும். அதே காட்சியை ம்யூட்ல பாருங்க. பாதி பயம் போயிடும். அப்போ நம்மளைப் பயமுறுத்துறது கத்தி இல்லை.

3/
உடலியல் ரொம்ப எளிது. திடீர்ச் சத்தம் உள்காதுலேர்ந்து நேரா மூளைத்தண்டுக்குப் போகுது. அங்கிருந்து சில நரம்பு செல்களைத் தாண்டினாலே தசைக்கு ஆர்டர் வந்துடும். சுமார் 30–50 மில்லி செகண்ட்ல கண் சிமிட்டிடும், கழுத்து சுருங்கிடும். "இது வெறும் சினிமா"ன்னு யோசிக்கிற மேல்மூளைக்குத் தகவல் போய் அது முடிவெடுக்கறதுக்குள்ள நீங்க குதிச்சு முடிச்சிருப்பீங்க.

4/
சினிமா இதைக் கத்துக்கிட்ட கதை 1931ல், ஜெர்மனில தொடங்குது. ஃப்ரிட்ஸ் லாங் எடுத்த 'எம்'. பேசும் படம் வந்து சில வருஷம்தான் ஆகியிருந்தது. குழந்தைகளைக் கொல்றவன் வர்றதுக்கு முன்னாடி ஒரு விசில் கேட்கும். நார்வே இசைக்கலைஞர் க்ரீக்கோட மெட்டு. நடிகர் பீட்டர் லோரேவுக்கு விசில் அடிக்க வராது, அதனால டைரக்டரே அடிச்சார்.

அந்தக் கொலைகாரனை அடையாளம் காட்டுறது யாரு தெரியுமா? பார்வையில்லாத பலூன் வியாபாரி. காதாலயே கண்டுபிடிக்கிறார்.

5/
அடுத்தது 1942, 'கேட் பீப்பிள்'. தயாரிப்பாளர் வால் லூட்டன், டைரக்டர் ஜாக் டூர்னர். ராத்திரி, ஆளில்லாத ரோடு. ஒரு பொண்ணு நடக்கிறா. பின்னாடி இன்னொரு செருப்புச் சத்தம். திடீர்னு பின்னாடி வந்த சத்தம் நின்னுடுது. எல்லாரும் மூச்சைப் பிடிச்சிட்டிருக்கும்போது "ஸ்ஸ்ஸ்"னு ஒரு சீறல்.

வந்தது வெறும் பஸ். பிரேக் சத்தம். இன்னைக்கு வரைக்கும் சினிமாக்காரங்க இந்த உத்தியை 'லூட்டன் பஸ்'னுதான் சொல்றாங்க.

6/
இது ஏன் வேலை செய்யுதுன்னா, ரெண்டு காரணம்.

ஒண்ணு, ஏற்கனவே பயத்துல, இருட்டுல இருக்கிற ஆளுக்கு அதே சத்தத்துக்கே திடுக்கிடல் பெருசா வரும். ரெண்டு, பெரிய சத்தத்துக்குச் சற்று முன்னாடி சின்னதா ஒரு சத்தம் வந்தா மூளை கொஞ்சம் சுதாரிச்சுக்கும், திடுக்கிடல் குறையும். நல்ல டைரக்டர் அந்தச் சுதாரிப்பையும் பிடுங்கிடுவார். அதனாலதான் அடிக்கு முன்னாடி அப்படி ஒரு நிசப்தம்.

7/
1960, 'சைக்கோ'. ஷவர் காட்சிக்கு இசையே வேண்டாம், தண்ணிச் சத்தமும் அலறலும் போதும்னு ஹிட்ச்காக் சொல்லிட்டார். இசையமைப்பாளர் பெர்னார்ட் ஹெர்மன் கேட்கலை. படம் முழுக்க வயலின் குடும்பம் மட்டும்தான் அவரோட ஆர்க்கெஸ்ட்ரா. அந்தக் காட்சிக்கும் எழுதிப் போட்டுக் காட்டினார். ஹிட்ச்காக் மனசு மாறிட்டார்.

கத்தி இறங்குற சத்தம்? முலாம்பழ வகை ஒண்ணைக் குத்திப் பதிவு பண்ணது. நம்ம மூளைதான் அதைச் சதைன்னு நம்புது.

8/
வயலின் ஏன் அலறல் மாதிரி கேட்குது? 2015ல் வெளியான ஓர் ஆய்வு இதை அளந்துச்சு. சாதாரணப் பேச்சோட ஒலியளவு செகண்டுக்கு நாலைஞ்சு தடவை ஏறி இறங்கும். அலறல்ல 30 முதல் 150 தடவை. காதுக்கு அது 'கரகரப்பு'. அந்தக் கரகரப்பு மூளையில் பயத்தைக் கையாள்ற அமிக்டலாவைத் தூண்டுது. இதே கரகரப்பு இன்னொரு இடத்துலயும் இருக்கு: அலாரம். இதை ஞாபகம் வச்சுக்கங்க.

9/
டேனியல் ப்ளம்ஸ்டைன்னு ஒரு உயிரியலாளர். மார்மட்ங்கிற மலை அணில் இனத்தோட கத்தலைப் படிக்கிறவர். குட்டியைப் பிடிச்சா அது உடைஞ்ச குரல்ல அலறும். அதே உடைஞ்ச ஒலி சினிமாலயும் இருக்கான்னு 102 படங்களோட ஒலியை அலசி, 2010ல் வெளியிட்டார். திகில் படங்கள்ல அந்த இரைச்சல் தூக்கலா இருந்துச்சு. எந்த இசையமைப்பாளரும் மார்மட்டைப் படிக்கலை. காது சொன்னதைக் கேட்டிருக்காங்க, அவ்வளவுதான்.

10/
1974ல் ரெண்டு படம். 'டெக்சஸ் செயின்சா மாசக்கர்'ல டோப் ஹூப்பரும் வெய்ன் பெல்லும் மெட்டே இல்லாத உரசலும் முனகலும் வச்சாங்க. முதல் நிமிஷத்துல இருட்டுல கேமரா ஃபிளாஷ் கிறீச்சிடும் பாருங்க, அதுவே போதும்.

கனடாவோட 'பிளாக் கிறிஸ்மஸ்'ல கார்ல் ஸிட்ரர் பியானோ கம்பியில ஃபோர்க், சீப்பு, கத்தி எல்லாம் கட்டி வாசிச்சார். போன்ல மிரட்டுற குரல்கள்ல ஒண்ணு நிக் மன்கூசோவோடது. நெஞ்சுக்கூடு அழுந்தணும்னு தலைகீழா நின்னு பேசினார். வயிறு மொத்தமும் உதரவிதானத்து மேல இறங்கினா குரல் மாறத்தானே செய்யும்!

11/
1978, 'ஹாலோவீன்'. சின்ன பட்ஜெட். ஜான் கார்ப்பென்டர் இசை இல்லாத பிரதியை ஒரு பெரிய ஸ்டூடியோ அதிகாரிக்குப் போட்டுக் காட்டினார். அவங்களுக்குப் பயமே வரலை. கார்ப்பென்டர் உட்கார்ந்து மூணே நாள்ல தானே இசை போட்டார். பிறகு அதே அம்மா படத்தைப் பார்த்து அசந்துட்டாங்க. அவர் சேர்த்தது இசை மட்டும்தான்.

12/
அந்த மெட்டு 5/4 தாளம். நம்ம கணக்குல கண்டம் மாதிரி, அஞ்சஞ்சா போகும். இசைப் பேராசிரியரான அப்பா சின்ன வயசுல பாங்கோவுல சொல்லிக் கொடுத்தது. நாலாவது அடியில முடிஞ்சிடும்னு உடம்பு எதிர்பார்க்கும், முடியாது. மாடிப்படில கடைசிப் படி இருக்குன்னு நினைச்சுக் கால் வச்சா இல்லாத மாதிரி. அது மேல முகமூடிக்குள்ள மூச்சுச் சத்தம். யாரோ நம்ம பிடரில மூச்சு விடுற மாதிரியே இருக்கும்.

13/
1980, 'ஃப்ரைடே த தர்ட்டீன்த்'. ஹாரி மன்ஃப்ரெடினி ஒரு விதி வச்சார்: கொலைகாரன் நிஜமாவே பக்கத்துல இருந்தா மட்டும் இசை. "கி கி கி, மா மா மா"ன்னு வருமே, அது "கில் ஹெர், மம்மி"யிலேர்ந்து எடுத்தது. அவரே மைக்ல சொல்லி எதிரொலி சேர்த்தார்.

இசை இல்லைன்னா ஆபத்து இல்லைன்னு நம்மளைப் பழக்கிட்டு, கடைசில ஏரிக்காட்சில இனிமையான இசையைப் போட்டு அசந்த நேரத்துல அடிச்சார். மணி அடிச்சா எச்சில் ஊறின பாவ்லோவ் நாய்க்கும் நமக்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

14/
1996, 'ஸ்க்ரீம்'. போன்ல மிரட்டுற குரல் ரோஜர் எல். ஜாக்சனோடது. படப்பிடிப்புல நிஜமாவே போன்ல பேசினார், ஆனா நடிகர்கள் கண்ணுல படவே இல்லை. 2016ல 'ஹஷ்' இதையெல்லாம் தலைகீழாப் போட்டுச்சு. கதாநாயகிக்குக் காது கேட்காது. கொலைகாரன் கண்ணாடிக்கு வெளியே நிக்கிறான். சத்தம் நமக்குக் கேட்குது, அவளுக்குக் கேட்கலை. கத்தணும் போல இருக்கும்.

15/
சரி, அந்தப் பொண்ணுக்கு வருவோம். பிபி, சுகர் எல்லாம் நார்மல். "இதுக்கு முன்னாடி இப்படி ஆயிருக்காம்மா?"ன்னு கேட்டேன். அம்மா யோசிச்சுச் சொன்னாங்க: "ஒரு தடவை காலைல அலாரம் அடிச்சப்போ சார். இன்னொரு தடவை தூங்கிட்டிருந்தப்போ போன் அடிச்சு. வலிப்புன்னு சொல்லி ரெண்டு வருஷமா மாத்திரை சாப்பிடுறா."

குடும்பத்துல யாராவது சின்ன வயசுல திடீர்னு இறந்திருக்காங்களா? "அவங்க அத்தை. 23 வயசுல, தூக்கத்துலயே."

16/
ஈசிஜி எடுத்தோம். க்யூடி இடைவெளி 500 மில்லி செகண்டைத் தாண்டியிருந்தது. அந்தப் பேப்பர்ல சத்தமே இல்லை. எனக்குத்தான் வேர்த்துச்சு.

இதுக்குப் பேர் லாங் க்யூடி சிண்ட்ரோம். ஒவ்வொரு துடிப்புக்குப் பிறகும் இதயம் மின்சாரத்தை மறுபடி சரி பண்ணிக்க அதிக நேரம் எடுக்கும். சுமார் 2000 பேர்ல ஒருத்தருக்கு இருக்கலாம். அதுல டைப் 2 இருக்கிறவங்களுக்குத் திடீர்ச் சத்தம்தான் எமன். போன், அலாரம். அட்ரினலின் பொங்கும், துடிப்பு தாறுமாறாகும், ஆள் விழுவார். தானா சரியானா அது 'மயக்கம்', இல்ல 'வலிப்பு'. சரியாகலைன்னா மரணம்.

17/
தயவுசெஞ்சு கவனிங்க:

• திடீர்ச் சத்தத்துல, ஓடும்போது, நீந்தும்போது மயங்கி விழுந்தா ஒரு ஈசிஜி எடுங்க. அரசு மருத்துவமனைல வசதி இருக்கு.
• வலிப்பு மாத்திரை சாப்பிட்டும் நிக்கலைன்னா, ஒரு தடவையாவது ஈசிஜி பார்த்தாச்சான்னு கேளுங்க.
• குடும்பத்துல இளவயசு திடீர் மரணம் இருந்தா மறைக்காம சொல்லுங்க.
• சில ஆன்டிபயாட்டிக், வாந்தி மாத்திரை, மனநல மருந்துகள் க்யூடியை நீட்டும். மெடிக்கல்ல நீங்களா வாங்கிப் போடாதீங்க.

எல்லா மயக்கமும் இது இல்லை. பெரும்பாலானது சாதாரணம்தான். ஆனா ஈசிஜிக்கு அஞ்சு நிமிஷம்தான் ஆகும்.

18/
அந்தப் பொண்ணை அன்னிக்கே இதய சிகிச்சைப் பிரிவுக்கு அனுப்பினோம். இப்போ பீட்டா பிளாக்கர் மாத்திரை சாப்பிடுறா. பெட்ரூம்ல அலாரம் இல்லை, போன் வேற ரூம்ல. காலைல அம்மா தோளைத் தொட்டு எழுப்புறாங்க. அண்ணனுக்கும் ஈசிஜி பார்த்தோம், நார்மல்.

போன தடவை ரிவ்யூவுக்கு வந்தப்போ அவரே தனியா வந்து சொன்னார்: "சார், இனிமே அவளைப் பயந்தாங்கொள்ளின்னு சொல்ல மாட்டேன்."

திகில் படம் பாருங்க, நல்லா பயப்படுங்க. பக்கத்துல யாராவது சத்தம் கேட்டு விழுந்தா மட்டும் சிரிக்காதீங்க. தூக்கிட்டு வாங்க.