ஒரு கம்பி, மூணு பதில்: வண்டலூர் ஹெரால்டும் ஸ்டெபிலைசர் பாரும்

இன்னைக்கு ஒரு சின்ன பார்ட் பத்தின எபிசோட். ஸ்டெபிலைசர் பார், ஆன்டி-ரோல் பார், ஸ்வே பார்னு மூணு பேர் சொல்வாங்க, மூணும் ஒரே பொருள்தான். "இதைத் தடிமனா மாத்தினா வளைவுல கார் சாயறது குறையுமா? மாத்தறதுன்னா முன்னாடியா, பின்னாடியா, ரெண்டுமா?" கார் ஆர்வமுள்ள யாரா இருந்தாலும் ஒரு நாள் இந்தக் கேள்விக்கு வந்து நிப்பாங்க.

இதுக்கு நான் வரலாறு வழியா பதில் சொல்லப் போறேன். ஏன்னா 1960கள்லயும் 70கள் தொடக்கத்துலயும் கார் கம்பெனிகளே இதே மாதிரி ஒரு சிக்கல்ல மாட்டி, மூணு ஊர்ல மூணு விதமா பதில் கண்டுபிடிச்சாங்க. அதுல ஒரு ஊர் நம்ம வண்டலூர். நான் இருக்கற வேப்பம்பட்டுல இருந்து சிடிஎச் ரோட்டுல கிளம்பி, நெமிலிச்சேரியில அவுட்டர் ரிங் ரோடு பிடிச்சு தெற்கே போனா, அந்த ரோடு முடியற இடம்.

முதல்ல அந்தப் பொருள் எப்படி வேலை செய்யுதுன்னு பாத்துடலாம். ஆங்கில 'யூ' எழுத்து மாதிரி வளைஞ்ச எஃகுக் கம்பி. நடுப்பகுதியை ரப்பர் புஷ் வச்சு காரோட அடியில பிடிச்சிருப்பாங்க. ரெண்டு முனையும் இடது, வலது சக்கரங்களோட சஸ்பென்ஷன்ல மாட்டியிருக்கும். ஸ்பீட் பிரேக்கர்ல ரெண்டு சக்கரமும் சேர்ந்து ஏறினா கம்பி சும்மா சுத்திக்கும், அதுக்கு வேலை இல்லை. வளைவுல கார் சாயும்போது ஒரு முனை மேலேயும் இன்னொரு முனை கீழேயும் போகும். அப்போ கம்பி முறுக்கிக்கும். அந்த முறுக்குதான் சாய்வை எதிர்க்குது.

இதுக்கு 1919லயே காப்புரிமை வாங்கியாச்சு. வாங்கினவர் கனடாவின் ஃபிரெடரிக்டன் ஊரைச் சேர்ந்த ஸ்டீபன் கோல்மன். ஆனா அந்தக் காலத்து கார்கள்ல ஸ்பிரிங்கே கல்லு மாதிரி இருக்கும், அதனால இதுக்குப் பெரிய தேவை வரல. மெத்துன்னு இருக்கற காயில் ஸ்பிரிங் பரவின 1950களுக்குப் பிறகுதான் சாதாரண கார்கள்லயும் இது அதிகமா வர ஆரம்பிச்சுது.

இப்போ முக்கியமான விஷயம். ஒரு டயர் மேல விழற எடை ரெண்டு மடங்கானா, அதோட பிடிப்பு ரெண்டு மடங்காகாது. கொஞ்சம் குறைவாத்தான் கூடும். வளைவுல உள்பக்கச் சக்கரத்துல இருந்து வெளிப்பக்கச் சக்கரத்துக்கு எடை மாறுது இல்லையா, அந்த மாற்றம் எந்த ஆக்ஸில்ல அதிகமோ, அந்த ஆக்ஸிலோட மொத்தப் பிடிப்பு குறையும். தடிமனான பார் போட்ட ஆக்ஸில் இந்த மாற்றத்துல பெரிய பங்கைத் தன் தலையில ஏத்துக்குது. அதனால முன்னாடி பாரைக் கடினமாக்கினா முன்சக்கரம் சீக்கிரம் வழுக்கும், ஸ்டீயரிங் திருப்பினாலும் கார் நேரா போகப் பாக்கும். இது அண்டர்ஸ்டீயர். பின்னாடி கடினமாக்கினா வால் முதல்ல விலகும், கார் சுத்திக்கப் பாக்கும். இது ஓவர்ஸ்டீயர். சாய்வு குறையறது கண்ணுக்குத் தெரியும். இந்தப் பிடிப்புக் கணக்கு மாறினது வழுக்கும்போதுதான் தெரியும்.

இப்போ வண்டலூருக்கு வரலாம். ஸ்டாண்டர்ட் மோட்டார் ப்ராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா அங்கதான் கார் செஞ்சுது. 1959ல இங்கிலாந்துல வந்த ட்ரையம்ஃப் ஹெரால்டை, 1961ல இருந்து 'ஸ்டாண்டர்ட் ஹெரால்ட்'ங்கற பேர்ல மெட்ராஸ்ல தயாரிச்சாங்க. 948 சிசி எஞ்சின். உருவம் வரைஞ்சவர் இத்தாலிக்காரர் ஜியோவன்னி மிக்கலாட்டி. அம்பாசடரும் ஃபியட்டும் பின்னாடி ஒரே முழு ஆக்ஸிலோட ஓடின காலத்துல, இதுக்கு நாலு சக்கரமும் தனித்தனி சஸ்பென்ஷன். முன்னாடி ஸ்டெபிலைசர் பாரும் உண்டு.

சிக்கல் பின்னாடி இருந்துச்சு. அங்க ஸ்விங் ஆக்ஸில். கதவு கீல்ல ஆடற மாதிரி, ஒவ்வொரு பின்சக்கரமும் நடுவுல இருக்கற டிஃபரென்ஷியல் பக்கத்துல ஒரு மூட்டை வச்சு மேலும் கீழும் ஆடும். அப்படி ஆடும்போது சக்கரத்தோட நிமிர்வும் மாறும். வேகமா வளைவுல போய், பயந்து ஆக்ஸிலரேட்டர்ல இருந்து சட்டுனு காலை எடுத்தா, வண்டியோட பின்பக்கம் தூக்கும். வெளிப்பக்கச் சக்கரம் உள்பக்கமா மடங்கும். பிடிப்பு போய் வால் வீசும்.

இந்த நோய் ஹெரால்டுக்கு மட்டும் வந்ததில்லை. அமெரிக்காவுல 1960ல வந்த ஷெவ்ரலே கோர்வெயருக்கும் பின்னாடி ஸ்விங் ஆக்ஸில்தான், அதோட எஞ்சினும் பின்னாடி. செலவு மிச்சம் பிடிக்க முன்பக்க ஸ்டெபிலைசர் பாரை விட்டுட்டாங்க. அதை டயர் காத்து வச்சு சமாளிக்கப் பாத்தாங்க: முன்னாடி 15, பின்னாடி 26 பிஎஸ்ஐ. நாலு டயருக்கும் ஒரே அளவு காத்து அடிச்சா அந்தக் கணக்கு காலி. கடைசியில 1964 மாடல்லதான் முன்பக்க பார் எல்லா வண்டிக்கும் வந்துச்சு, 1965ல பின் சஸ்பென்ஷனையே மாத்தினாங்க. அதே 1965ல ரால்ஃப் நேடர் எழுதின 'அன்சேஃப் அட் எனி ஸ்பீட்' புத்தகத்தோட முதல் அத்தியாயமே இந்தக் கார்தான். 1972ல வந்த அரசு ஆய்வு, கோர்வெயர் அந்தக் காலத்து மத்த கார்களை விட மோசம் இல்லைன்னு சொல்லுச்சு. ஆனா அமெரிக்காவுல கார் பாதுகாப்புச் சட்டம் 1966லயே வந்தாச்சு.

இங்க கவனிக்க வேண்டியது ஒண்ணு இருக்கு. வால் வீசற காருக்கு பார் போட்டது முன்னாடி. முன்ஆக்ஸில் எடை மாற்றத்துல அதிக பங்கை ஏத்துக்கிட்டா, பின்சக்கரத்து மேல விழற பாரம் குறையும். 'வால்தான ஆடுது'ன்னு பின்னாடி தடிமன் பார் போட்டிருந்தா நிலைமை இன்னும் மோசமாகியிருக்கும்.

இங்கிலாந்துக்காரங்க பதில் இதோட அடுத்த படி. ஹெரால்டோட அடித்தளத்துல இருந்து வந்த ஸ்பிட்ஃபயர் ஸ்போர்ட்ஸ் காருக்கு, 1970ல பின்பக்க லீஃப் ஸ்பிரிங்கையே மாத்தினாங்க. பட்டைகள்ல பெரும்பாலானதை இறுக்கிப் பிடிக்காம, நடுவுல ஆடற மாதிரி விட்டாங்க. அதாவது பின்பக்கத்தை, சாய்வு விஷயத்துல, வேணும்னே இளக்கினாங்க. அதுக்கு ஈடா முன்பக்க பாரைத் தடிமனாக்கினாங்க.

மெட்ராஸ் பதில் வேற. ஸ்விங் ஆக்ஸில் நம்ம ஊர்ல வாங்கறவங்களுக்கும் பிடிக்கல, மெக்கானிக்குகளுக்கும் பிடிக்கல. 1972ல ஹெரால்டுக்கு அடுத்து 'கஸல்' வந்தப்போ, ஸ்விங் ஆக்ஸிலைத் தூக்கிட்டு சாதாரண முழு ஆக்ஸிலே போட்டாங்க. பேப்பர்ல பாத்தா பின்னோக்கிப் போன மாதிரி இருக்கும். ஆனா முழு ஆக்ஸில்ல பின்சக்கரம் மடங்காது, ரிப்பேர் பண்ண எந்த ஊர்லயும் ஆள் இருக்கும். எனக்கு இந்த முடிவு மேல மரியாதை உண்டு. கம்பியால சரிசெய்ய முயற்சி பண்ணாம, சிக்கலோட வேரையே எடுத்துட்டாங்க.

சரி, உங்க காருக்கு வருவோம். இன்னைக்கு ஸ்விஃப்ட், ஐ20, போலோ மாதிரி கார்கள் எல்லாம் முன்சக்கர டிரைவ். எடை முன்னாடி, இயல்பு அண்டர்ஸ்டீயர். பின்னாடி இருக்கற ட்விஸ்ட் பீம் தானே முறுக்கி, ஸ்டெபிலைசர் வேலையையும் பாத்துக்கும். இந்த வகைக்கு கணக்கு தலைகீழ். முன்பக்கத்துல தடிமன் பார் போட்டா சாய்வு குறையும், ஆனா கார் இன்னும் பிடிவாதமா நேரா போகும். பின்பக்கத்துல போட்டா திரும்பறது சுறுசுறுப்பாகும். அதனாலதான் ட்ராக்ல ஓட்டறவங்க பின்பக்க பாரைத் தேடறாங்க.

ஆனா அளவுல ஏமாந்துடாதீங்க. முறுக்கு விறைப்பு விட்டத்தோட நாலாம் அடுக்குல ஏறும். 20 மில்லிமீட்டருக்குப் பதிலா 22 போட்டா 46 சதவீதம் அதிகம். 24 போட்டா ரெண்டு மடங்குக்கு மேல. கையில பிடிச்சுப் பாத்தா வித்தியாசமே தெரியாது. பின்பக்கத்துல அப்படி ஏத்திட்டு, மழை நாள்ல அவுட்டர் ரிங் ரோடு வளைவுல சட்டுனு காலை எடுத்தா, 1961 ஹெரால்ட் செஞ்ச வேலையை நீங்க காசு கொடுத்து உங்க காருக்குக் கத்துக் கொடுத்திருப்பீங்க.

அதனால வரிசை இதுதான். முதல்ல டயரும் காத்தும். அடுத்து இப்போ இருக்கற பாரோட புஷ்ஷையும் லிங்க்கையும் பாருங்க. பள்ளத்துல 'கட கட'ன்னு சத்தம் வந்தா அங்க தேய்மானம் இருக்க வாய்ப்பு அதிகம், அதை மாத்தினாலே பாதிப் பேருக்கு போதும். அதுக்கப்புறமும் வேணும்னா, கார் வழுக்கும்போது முதல்ல போறது மூக்கா வாலான்னு இருங்காட்டுக்கோட்டை ட்ராக் மாதிரி இடத்துல, பயிற்சியாளர் பக்கத்துல இருக்க, தெரிஞ்சுக்கோங்க. பிறகு ஒரு முனையை மட்டும், ஒரு படி மட்டும் மாத்துங்க. ரெண்டையும் ஒரே நாள்ல மாத்தினா எது என்ன செஞ்சுதுன்னு கண்டுபிடிக்க முடியாது. கோடு எழுதறவங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

அடுத்த எபிசோட்ல பாக்கலாம்.