கொற்றலையாற்றுக் கல்

1863 மே 30. சென்னையை அடுத்த பல்லாவரத்தில் சரளை வெட்டிய குழி ஒன்றிலிருந்து ராபர்ட் புரூஸ் ஃபுட் ஒரு கல்லை எடுத்துப் பார்த்தார். அது ஆதிமனிதன் செய்த கற்கருவி. இந்திய நிலவியல் ஆய்வுத் துறையில் வேலை பார்த்த அவருக்கு அப்போது வயது 28. அதே ஆண்டு செப்டம்பரில், சக அதிகாரி வில்லியம் கிங்குடன் கொற்றலையாற்றுப் பக்கம் போனபோது, அத்திரம்பாக்கத்து ஓடையில் அதே சாயலில் மேலும் பல கற்கள் அகப்பட்டன.

மாடு மேய்ப்பவர்கள் தினமும் மிதித்துப் போன கற்கள்தாம் அவை. ஃபுட்டின் கண்ணில் பட்டதற்குக் காரணம் உண்டு. பிரான்சின் சோம் ஆற்றுச் சரளையில் கிடைத்த கற்கள் ஆதிமனிதன் செய்தவையே என்று பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் பிரெஸ்ட்விச்சும் எவான்ஸும் 1859இல்தான் உறுதி சொல்லியிருந்தார்கள்.

கற்கருவியை எப்படி இனங்காண்பது?

ஆற்றில் உருண்ட கல் மழமழவென்று இருக்கும். உடைந்தாலும் கண்டபடி உடையும். கைக்கோடரி எனும் கற்கருவி அப்படியல்ல. அதன் இரு முகத்திலும் சில்லுப் பெயர்ந்த குழிகள் அடுத்தடுத்து விழுந்திருக்கும். எல்லாம் விளிம்பை நோக்கி இறங்கி, அங்கே கூர்மையாகச் சேரும். பெயர்ந்த சில்லு கிடைத்தால் உட்பக்கத்தைத் தடவ வேண்டும்: அடி விழுந்த இடத்துக்குக் கீழே சிறு புடைப்பு தட்டுப்படும். ஒரு குழி தற்செயலாக விழலாம். இரு பக்கமும் ஒரே விளிம்பைத் தேடி வரிசையாக விழுந்தால் அது கை செய்த வேலை.

கல்லின் வயதுதான் நெடுநாள் பிடிபடவில்லை. தொல்லியலாளர் சாந்தி பப்பு குழுவினர் அத்திரம்பாக்கத்தில் மறுபடி அகழ்ந்து, மண்ணில் புதைந்த குவார்ட்சைட் கருவிகளில் தங்கிய அலுமினியம், பெரிலியம் ஐசோடோப்புகளை அளந்தார்கள். குறைந்தது 10 லட்சம் ஆண்டு, சராசரியாக 15 லட்சம் ஆண்டு என்று 2011இல் ‘சயின்ஸ்’ இதழில் முடிவு வெளிவந்தது. இந்த வயது தெரிவதற்கு வெகு முன்பே, ஃபுட்டின் சேகரிப்பைச் சென்னை அரசு 1904இல் விலைக்கு வாங்கி அருங்காட்சியகத்தில் சேர்த்துவிட்டது.

இந்தியாவின் பழங்கற்கருவித் தேடலில் மும்பைக்கும் பங்குண்டு. அங்குள்ள காந்திவலியில், ஓடை அறுத்துக் காட்டிய மண்ணடுக்குகளில் 1930களில் கற்கருவிகளைக் கண்டெடுத்தவர் டாட் என்ற கடற்படை அதிகாரி. பம்பாயின் பழங்கற்காலம் பற்றிய அவர் கட்டுரை 1939இல் லண்டன் மானிடவியல் இதழில் வந்தது.