மேம்படுத்திய பின் கணினி ஏன் எழுவதில்லை? – ஒரு சிறு வரலாறு

புதிய ரேம் வாங்கிப் பொருத்தியாகிவிட்டது. சுவிட்சைப் போட்டால் மின்விசிறி சுற்றுகிறது, விளக்கு எரிகிறது. திரை மட்டும் கறுப்பாகவே நிற்கிறது. நேற்று வரை நன்றாக ஓடிய கணினி!

அவலூர்பேட்டை போன்ற ஊரில் இதற்கு அடுத்த கட்டம், 'சிபியு' என்று எல்லோரும் அழைக்கும் அந்தப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு செஞ்சிக்கோ திருவண்ணாமலைக்கோ பஸ் ஏறுவதுதான். அங்கே "மதர்போர்டு போயிடுச்சு" என்று ஒரு வார்த்தை சொன்னால் சில ஆயிரம் ரூபாய் செலவு. அந்த வார்த்தை உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் கணினியின் வரலாற்றைப் பார்த்தால், இப்படி நின்றுபோன பெட்டிகளில் பல பழுதடைந்தவையே அல்ல என்பது தெரியும். பழைய பாகத்துக்கும் புதிய பாகத்துக்கும் ஒத்துப்போகவில்லை, அவ்வளவுதான்.

பெட்டிக்கு வாய் வந்த கதை

ஐபிஎம் நிறுவனம் 1981 ஆகஸ்ட் 12 அன்று தன் பர்சனல் கம்ப்யூட்டரை அறிமுகப்படுத்தியது. அதன் மதர்போர்டில் 'பயாஸ்' என்ற சிறு நிரல் ஒரு ரோம் சிப்பில் எழுதப்பட்டிருந்தது. மின்சாரம் வந்தவுடன் முதலில் ஓடுவது இதுதான். நினைவகம், விசைப்பலகை, திரை அட்டை ஆகியவை சரியாக இருக்கின்றனவா என்று அது தானே சோதித்துக்கொள்ளும். இந்தச் சோதனைக்கு 'போஸ்ட்' என்று பெயர்.

சோதனையில் தவறு கண்டால் எப்படிச் சொல்வது? திரை வேலை செய்தால் எண்ணாகச் சொன்னது. 201 என்றால் நினைவகம், 301 என்றால் விசைப்பலகை. திரையே வேலை செய்யாவிட்டால் ஸ்பீக்கரில் 'பீப்' ஒலியாகச் சொன்னது. ஒரு குட்டி பீப் என்றால் எல்லாம் சரி. ஒரு நீண்ட ஒலியும் இரண்டு குட்டி ஒலியும் என்றால் திரை அட்டையில் கோளாறு. ஒலியே இல்லையென்றால் மின்சாரத்தையும் போர்டையும் பார்க்க வேண்டும்.

முதல் மேம்படுத்தலிலேயே தகராறு

இவ்வளவு யோசித்துச் செய்த அந்த முதல் கணினியே, பாகம் மாற்றும்போது பாடாய்ப் படுத்தியது. நினைவகத்தைக் கூட்டினால் போர்டில் உள்ள குட்டி சுவிட்சுகளையும் மாற்றி, 'இப்போது இவ்வளவு நினைவகம் இருக்கிறது' என்று அதற்குச் சொல்ல வேண்டும். இல்லாத நினைவகத்தை இருப்பதாகச் சொல்லிவிட்டால் 201 வந்து நிற்கும்.

ஹார்டு டிஸ்க் பொருத்தியவர்கள் பாடு இன்னும் மோசம். தொடக்கத்தில் வந்த ரோம் சிப்புகளுக்கு, கூடுதல் அட்டையில் இருக்கும் நிரலைத் தேடிப் படிக்கத் தெரியாது. அதனால் டிஸ்க் நல்ல நிலையில் இருந்தும் அதிலிருந்து கணினி எழாது. 1982 அக்டோபர் 27 தேதியிட்ட புதிய ரோம் வந்த பிறகே இது தீர்ந்தது. பழைய கணினிக்காரர்கள் சிப்பை மாற்றிக்கொள்ள வேண்டியிருந்தது. இன்னொரு சிக்கல் மின்சாரம். அந்தக் கணினியின் பவர் சப்ளை வெறும் 63.5 வாட். அக்காலத்து ஹார்டு டிஸ்குக்கு அது போதவில்லை. 1983-ல் ஹார்டு டிஸ்குடனே வந்த எக்ஸ்டி மாடலுக்கு ஐபிஎம் 130 வாட் கொடுத்தது.

ஆக, பயாஸுக்குப் புதிய பாகத்தைத் தெரியவில்லை. அல்லது மின்சாரம் போதவில்லை. பாகம் கெட்டுப்போகவில்லை. பிறகு வந்த கதைகள் பெரும்பாலும் இந்த இரண்டின் மறுபதிப்புதான்.

டிஸ்க் வளர, பயாஸ் திணற

1990-களில் ஹார்டு டிஸ்குகள் வேகமாகப் பெருத்தன. பயாஸ் எழுதியவர்களோ ஒவ்வொரு முறையும் 'இதற்கு மேல் எவன் வாங்கப்போகிறான்' என்ற கணக்கில் ஒரு எல்லை வைத்திருந்தார்கள். முதல் எல்லை சுமார் 528 மெகாபைட். அடுத்தது 8.4 கிகாபைட். 1999 வாக்கில் 33.8 கிகாபைட் எல்லை வந்தபோது சில பயாஸ்கள் டிஸ்கைக் கண்டறியும் இடத்திலேயே உறைந்து நின்றன. புது டிஸ்கைக் கழற்றினால் கணினி எழும், மாட்டினால் நிற்கும். யாராக இருந்தாலும் டிஸ்கைத்தான் சந்தேகப்படுவார்கள். டிஸ்க் நிறுவனங்கள் இதற்காகவே, தன் கொள்ளளவைக் குறைத்துக் காட்டும்படி ஒரு ஜம்பரை டிஸ்கில் வைத்தன. நிரந்தரத் தீர்வு பயாஸைப் புதுப்பிப்பதுதான்.

மின்சாரக் கதையும் திரும்பி வந்தது. 2000 நவம்பரில் வந்த பென்டியம் 4 போர்டுகளில் செயலிக்கென்று தனியாக நான்கு முனை கொண்ட 12 வோல்ட் இணைப்பு தரப்பட்டது. பெரிய இணைப்பை மட்டும் மாட்டி இதை மறந்தால் மின்விசிறி சுற்றும், திரையில் ஒன்றும் வராது. அந்தச் சின்ன ஒயர் பலருடைய தூக்கத்தைக் கெடுத்திருக்கிறது.

2018 பிப்ரவரியில் ஏஎம்டி நிறுவனம் புதிய ரைசன் செயலிகளை வெளியிட்டது. கடைகளில் இருந்த பழைய போர்டுகளில் சாக்கெட் பொருந்தியது, ஆனால் பழைய பயாஸுக்கு அந்தச் செயலியைத் தெரியாததால் கணினி எழவில்லை. பயாஸைப் புதுப்பிக்கலாம் என்றால் அதற்குக் கணினி எழ வேண்டுமே! கடைசியில் ஏஎம்டியே பழைய செயலி ஒன்றை இரவலாக அனுப்பியது. அதைப் போட்டு பயாஸைப் புதுப்பித்துவிட்டுத் திருப்பித் தர வேண்டும்.

நம் நாட்டில் கைக்கு வந்த கலை

1984 நவம்பரில் ராஜீவ் காந்தி அரசு புதிய கணினிக் கொள்கையை அறிவித்தது. கணினிக்கான பாகங்களை இறக்குமதி செய்வது எளிதானது. அதன்பின் வளர்ந்ததுதான் 'அசெம்பிள்டு' கணினிப் பழக்கம். சென்னை அண்ணா சாலைக்கு அருகிலுள்ள ரிச்சி தெருவில் போர்டு, ரேம், டிஸ்க் என்று தனித்தனியாக வாங்கி ஒன்றாகச் சேர்ப்பது பிராண்டட் கணினி வாங்குவதைவிட மலிவு. நடுத்தரக் குடும்பங்களின் வீட்டுக்குள் கணினி நுழைந்த வழிகளில் இது முக்கியமானது.

ஆனால் இதில் ஒரு விலை மறைந்திருக்கிறது. பிராண்டட் கணினியில் பாகங்கள் ஒத்துப்போகின்றனவா என்று பார்ப்பது நிறுவனத்தின் வேலை. அசெம்பிள்டு கணினியில் அந்த வேலை சேர்ப்பவர் தலையில் விழுகிறது. அதனால்தான் நம் மெக்கானிக்குகளிடம் ஒரு கைவைத்தியம் வளர்ந்தது. ரேமைக் கழற்றி அதன் பொன்னிறப் பற்களை பென்சில் அழிக்கும் ரப்பரால் தேய்த்து மறுபடி அழுத்தி மாட்டுவது அதில் பிரபலமானது. சிரிக்க வேண்டாம். பற்களில் படியும் அழுக்கு மின்தொடர்பைத் தடுக்கும் என்பதால், பல நேரம் இதுவே போதும்.

இருப்பாய்வு போடும் முறை

வணிகவியல் மாணவர்களுக்கு ஒன்று நன்றாகத் தெரியும். இருப்பாய்வு சமமாகவில்லை என்றால் முழுக் கணக்கையும் கிழித்துப் போடுவதில்லை. கடைசியாக எங்கே சமமாக இருந்தது என்று பார்த்து, அதன்பின் எழுதிய பதிவுகளை ஒவ்வொன்றாகச் சரிபார்ப்போம். எழாத கணினிக்கும் அதே முறைதான்.

1. மின் இணைப்பைப் பிடுங்கிவிட்டு, புதிய பாகத்தைக் கழற்றி பழையதை மாட்டிப் பாருங்கள். எழுந்தால் போர்டு போகவில்லை. இந்த ஒரு சோதனையே பல ஆயிரம் ரூபாயைக் காப்பாற்றும்.

2. அப்போதும் எழாவிட்டால் போர்டு, செயலி, ஒரே ஒரு ரேம், பவர் சப்ளை மட்டும் வைத்துப் பாருங்கள். செயலிக்குள் திரை வசதி இல்லையென்றால் திரை அட்டையும் வேண்டும். பிறகு ஒவ்வொரு பாகமாகச் சேருங்கள்.

3. செயலிக்கான மின் இணைப்பு மாட்டியிருக்கிறதா, பவர் சப்ளையின் வாட் போதுமா என்று பாருங்கள்.

4. போர்டில் உள்ள பட்டன் பேட்டரியைச் சில நிமிடம் கழற்றி மாட்டினால் பழைய அமைப்புகள் அழியும்.

5. போர்டு தயாரித்த நிறுவனத்தின் பட்டியலில் உங்கள் புதிய பாகத்துக்கு எந்த பயாஸ் பதிப்பு வேண்டும் என்று பாருங்கள். இதை வாங்குவதற்கு முன்பே பார்ப்பது இன்னும் நல்லது.

6. பீப் ஒலியைக் கவனியுங்கள். ஒலியின் பொருள் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும் என்பதால் உங்கள் போர்டின் கையேட்டையே நம்புங்கள்.

வருத்தமான விஷயம், இப்போது பல பெட்டிகளில் அந்த ஸ்பீக்கரே வருவதில்லை. சில போர்டுகளில் அதற்குப் பதிலாகச் சிறு விளக்குகள் இருக்கின்றன. டிடிஆர் 5 ரேம் போட்ட கணினி, முதல் முறை அதைப் பழகிக்கொள்ளவே சில நிமிடம் கறுப்புத் திரையோடு நிற்கலாம். பொறுமையில்லாமல் அணைத்துவிட்டு, 'செத்துப்போச்சு' என்று முடிவுகட்டுபவர்கள் உண்டு.

பஸ் ஏறி பழுதுபார்க்கப் போகத்தான் வேண்டும் என்றாலும், பழைய பாகத்தில் எழுந்ததா, எத்தனை பீப் கேட்டது, எந்த விளக்கு எரிந்தது என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். நல்ல மெக்கானிக்குக்கு அது பாதி வேலையை மிச்சப்படுத்தும். மற்றவருக்கு, எதிரில் நிற்பவரை ஏமாற்ற முடியாது என்பதைச் சொல்லும்.