பேதுருவின் சட்டமும் தோமாவின் சட்டமும்

குழித்துறையாறு கடலில் கலக்கும் இடம் தேங்காய்ப்பட்டணம். ஊரில் முஸ்லிம்கள் அதிகம். கரையோரமாகப் போனால் கத்தோலிக்க மீனவக் கிராமங்கள். உள்ளே மார்த்தாண்டம் பக்கம் சி.எஸ்.ஐ. சபையாரும் மலங்கரைக் கத்தோலிக்கரும் உண்டு. எல்லோரிடமும் இருப்பது ஒரே மத்தேயு நற்செய்திதான். ஆனால் 16-ஆம் அதிகாரத்தின் 18, 19 வசனங்களுக்கு வந்ததும் வழி பிரிகிறது. சீமோனுக்குப் பாறை என்று பெயர் வைத்து, அந்தப் பாறைமேல் திருச்சபையைக் கட்டுவதாகவும் விண்ணரசின் திறவுகோல்களை அவரிடம் தருவதாகவும் இயேசு சொல்லும் இடம் அது.

எது பாறை? கிரேக்கத்தில் சீமோனின் பெயர் 'பெத்ரோஸ்', பாறை 'பெத்ரா'. இரண்டும் வேறு, ஆகவே பேதுரு அறிக்கையிட்ட விசுவாசமே பாறை என்பது புராட்டஸ்டண்டுகள் பலரின் விளக்கம். இயேசு பேசியது அரமேயம், அதில் இரண்டுக்கும் 'கேபா' என்ற ஒரே சொல்தான் என்பது கத்தோலிக்கரின் பதில். (பழைய கத்தோலிக்கத் தமிழில் பேதுருவுக்கு இராயப்பர் என்று பெயர். தெலுங்கில் 'ராயி' என்றால் கல்!) கட்டவும் அவிழ்க்கவும் உள்ள அதிகாரம் 18:18-இல் எல்லாச் சீடர்களுக்கும் கொடுக்கப்படுகிறது. திறவுகோல்கள் மட்டும் பேதுருவுக்கே.

இக்கரையில் 1544-இல் புனித சவேரியார் மீனவர்களுக்குத் திருமுழுக்குக் கொடுத்தார். அவர்கள் போர்ச்சுக்கீசியர் வழியாக உரோமையின் கீழ் வந்தார்கள். மலையாளக் கரையின் தோமா கிறிஸ்தவர்கள் கதை வேறு. அவர்களுக்கு ஆயர்கள் பாரசீகத்திலிருந்து வந்தார்கள், வேதமும் வழிபாடும் சிரியாக் மொழியில். அரமேயத்தின் கிளையான அதிலும் இரண்டுக்கும் 'கேபா'தான்! இருந்தும் பேதுருவின் சட்டம் வேறு, தோமாவின் சட்டம் வேறு என்றே அவர்கள் சொல்லிவந்தார்கள். அப்படியானால் சண்டையின் வேர் இலக்கணத்தில் இல்லை. தங்கள் சபையை ஆள்பவர் யார் என்பதே கேள்வி.

1599-இல் கோவா பேராயர் மெனேசஸ் உதயம்பேரூரில் சங்கம் கூட்டினார். சட்டங்கள் இரண்டு என்ற கருத்து பிழை என்று அங்கே கண்டிக்கப்பட்டது. சிரியாக் நூல்கள் பல அழிக்கப்பட்டன. வேத விளக்கத்தை ஆணையாக்கினால் நடப்பது இதுதான். 1653 ஜனவரி 3-இல் மட்டாஞ்சேரியில் கூடி, இயேசு சபையாருக்குக் கீழ்ப்படிய மாட்டோம் என்று சத்தியம் செய்தார்கள். அதுவே கூனன் குரிசு சத்தியம்.

பிறகு பெரும்பகுதியினர் உரோமையிடம் திரும்பினார்கள், மற்றவர்கள் அந்தியோக்கியாவோடு சேர்ந்தார்கள். அந்தப் பிரிவிலிருந்து 1930-இல் மார் இவானியோஸ் பாப்பரசரை ஏற்றார், ஆனால் சிரியாக் வழிபாட்டை விடவில்லை. மார்த்தாண்டத்தின் மலங்கரைக் கத்தோலிக்கர் அந்த வழியினர். 1996-இல் அவர்களுக்குத் தனி மறைமாவட்டம் அமைந்தது.