குழாய் முனை நின்ற இடம்

உடலினுள் மறைந்துள்ள ஓரிடத்தை எட்டுவது வேறு; எட்டிய இடம் இன்னதென ஐயமற அறிவது வேறு. நெஞ்சருகே உள்ள பெருஞ்சிரையில் மென்குழாய் செலுத்தும் மருத்துவ முறையின் வரலாறு இவ்வுண்மையை விளக்கும்.

1844-இல் பிரெஞ்சு அறிஞர் கிளாட் பெர்னார்டு குதிரையின் இதயத்துள் வெப்பமானியைச் செலுத்தி ஆய்ந்தார். ஆயினும் உயிருள்ள மனிதரின் இதயத்தைக் குழாய் தொடின் உயிர் போய்விடும் என மருத்துவர் பலர் அஞ்சினர்.

1929-இல் பெர்லினுக்கு வடகிழக்கே எபர்ஸ்வால்டு நகர மருத்துவமனையில் பணியாற்றிய இளைஞர் வெர்னர் போர்ஸ்மன் அவ்வச்சத்தைச் சோதிக்க விழைந்தார். மேலதிகாரி இசையவில்லை. கருவிகளோ கெர்டா டிட்சன் என்னும் செவிலியின் பொறுப்பில் இருந்தன. அவ்வம்மையார் தம்மீதே சோதனை நிகழ்த்த உடன்பட்டார். போர்ஸ்மன் அவரை மேசையோடு கட்டிவிட்டு, தம் இடக்கையின் முழங்கை மடிப்பிலுள்ள சிரையிலேயே, சிறுநீர்க் குழலுக்குரிய மெல்லிய குழாயைச் செலுத்திக்கொண்டார். பின்னர்க் கீழ்த்தளத்து எக்ஸ்-கதிர் அறைக்கு நடந்து சென்றார். 65 செ.மீ. குழாய் உட்சென்றபின் எடுத்த படத்தில், அதன் முனை இதயத்தின் வலது மேலறையில் நின்றது. அப்படம் இல்லையேல் அவர் கூற்றை எவர் நம்பியிருப்பர்?

1941 முதல் நியூயார்க் நகரில் கூர்னாண்டு, ரிச்சர்ட்ஸ் இருவரும் இம்முறையை நோயறியும் கலையாக வளர்த்தனர். மூவருக்கும் 1956-இல் நோபெல் பரிசு கிடைத்தது. இதற்கிடையே 1952-இல் ஒபானியாக் காறையெலும்பின் கீழுள்ள சிரைவழியைக் காட்டினார். 1953-இல் சுவீடன் நாட்டுச் செல்டிங்கர், முதலில் ஊசி, அதன் வழியே கம்பி, கம்பியின் மேல் குழாய் என்னும் எளிய நெறியை வகுத்தார்.

வழிகள் பெருகியபின், முனை எங்கு நிற்றல் வேண்டும் என்னும் வினா கூர்மையடைந்தது. மேற்பெருஞ்சிரையின் அடிப்பகுதி, வலது மேலறையோடு கூடும் வாயிலருகே நிற்பதே பொதுவாக நன்றெனக் கொள்ளப்படுகிறது. அங்கே குருதி மிகுதியாகப் பாய்வதால் கடுமையான மருந்தும் விரைவில் கலந்து நீர்த்துவிடும். முனை மேலே நின்றால் சிரைச்சுவர் புண்படும், குருதி உறையும். மிக ஆழ்ந்தால் துடிப்பு தடுமாறும். அரிதாகச் சுவர் துளைபட்டு, இதய உறையுள் குருதி தேங்கி உயிருக்கே இறுதியாகும். சிலபோது முனை திசைமாறிக் கழுத்துச் சிரைக்குள் ஏறுவதும் உண்டு.

ஆதலின் உடலின் மேல் அளந்த நீளம் ஒன்றையே நம்புதல் போதாது. மார்பின் எக்ஸ்-கதிர்ப் படத்தில், மூச்சுக்குழல் இரண்டாகக் கிளைக்கும் இடம் நல்ல அடையாளமாகும். குழாய்முனை வழியே இதய மின்பதிவு எடுக்கும் முறையும் உண்டு. முனை வாயிலை நெருங்க நெருங்கப் 'பி' அலை உயரும். மேலறையுள் புகுந்ததும் அவ்வலை உருமாறும். அதுகண்டு மருத்துவர் குழாயைச் சிறிது பின்னிழுப்பர்.

போர்ஸ்மனின் துணிச்சலை இன்று எவரும் பின்பற்ற வேண்டுவதில்லை. செலுத்தியபின் கண்டு தெளிந்த அவரது நெறியையோ எவரும் கைவிடுவதற்கில்லை.