பயிற்சிக் கடற்படை அதிகாரிகளுக்கான நினைவுப் பரிசுகள்

மறைந்த ஒருவரின் பெயரில் நிறுவப்பட்டு, பயிற்சிக் காலத்தில் குறிப்பிட்ட ஒரு திறனில் முதலிடம் பெறும் இளம் அதிகாரிக்கு வழங்கப்படும் பதக்கம், கோப்பை அல்லது நூற்பரிசு கடற்படை வழக்கில் நினைவுப் பரிசு எனப்படும். குடியரசுத் தலைவர் தங்கப் பதக்கம் போன்று பதவியின் பெயரால் அமைந்தவை ஒட்டுமொத்தத் தகுதியை மதிப்பிட, நினைவுப் பரிசு பெரும்பாலும் ஒரே துறையைச் சார்ந்து நிற்கிறது.

இவ்வழக்கம் 19ஆம் நூற்றாண்டில் பிரிட்டிஷ் கடற்படையில் வேரூன்றியது. காற்றின் வலிமையை 0 முதல் 12 வரை வகுத்த அளவுகோலால் அறியப்படும் கடல் அளவையாளர் பிரான்சிஸ் பியூஃபோர்ட்டின் (1774–1857) பெயரில் அமைந்த பரிசு, கப்பலின் வழியைக் கணித்துச் செலுத்தும் கலையில் சிறந்தவருக்கு உரியது. 1875 ஆகஸ்டில் பசிபிக் பெருங்கடலின் சாந்தா குரூஸ் தீவில் அம்பு பாய்ந்து, சில நாட்களில் இறந்த கமடோர் ஜேம்ஸ் கிரஹாம் குடெனஃபின் நினைவுப் பதக்கமோ பீரங்கித் தேர்வில் முதலிடம் பெற்றவருக்கு அளிக்கப்பட்டது. பெயருக்கும் துறைக்கும் உள்ள உறவு முதலாவதில் எளிதில் புலப்படுவது போல இரண்டாவதில் புலப்படவில்லை.

தமிழ்நாட்டில் இம்மரபை அரக்கோணத்தில் காணலாம். அங்குள்ள ஐ.என்.எஸ். ராஜாளி கடற்படை விமானதளம், 1992 மார்ச் 11 அன்று அப்போதைய குடியரசுத் தலைவர் ஆர். வெங்கட்ராமனால் கடற்படைப் பணியில் இணைக்கப்பட்டது. கொச்சியில் இயங்கிவந்த ஹெலிகாப்டர் பயிற்சிப் பள்ளியும் அதே ஆண்டில் இங்கு மாற்றப்பட்டது. சேத்தக் ஹெலிகாப்டரில் பறக்கக் கற்று முடிப்பவர்களுக்கு, விமானி என்பதன் அடையாளமாகிய தங்கச் சிறகுச் சின்னம் பயிற்சி நிறைவு அணிவகுப்பில் அணிவிக்கப்படுகிறது. 2024 ஜூனில் சின்னம் பெற்ற 21 பேர் கொண்ட 102ஆவது அணியில், கடற்படையின் முதல் பெண் ஹெலிகாப்டர் விமானியான சப் லெப்டினன்ட் அனாமிகா பி. ராஜீவும் இருந்தார்.

இவ்வணிவகுப்பில் மூன்று பரிசுகள் குறிப்பிடத்தக்கவை. ஒட்டுமொத்தத் தரவரிசையில் முதல்வருக்குக் கேரள ஆளுநர் சுழற்கோப்பையும், பறத்தலில் சிறந்தவருக்குக் கிழக்குக் கடற்படைக் கட்டளைத் தலைமை அதிகாரியின் சுழற்கோப்பையும் தரப்படுகின்றன. சுழற்கோப்பை என்பது வென்றவரிடமே நிலைத்துவிடாமல் அணிக்கு அணி கைமாறுவது. வகுப்பறைப் பாடங்களில் முதலிடம் பெறுபவருக்கு உரியது சப் லெப்டினன்ட் குந்தே நினைவு நூற்பரிசு. மூன்றில் இது ஒன்றே நினைவுப் பரிசு. சப் லெப்டினன்ட் என்பது ஆணை பெற்ற அதிகாரியின் தொடக்கப் படி. பரிசைப் பெறுபவரும் அப்படியிலோ அதற்கு அடுத்த படியிலோ நிற்பவராதலால், மூத்த தளபதி ஒருவரின் பெயரைக் காட்டிலும் இப்பெயர் அவருக்கு நெருக்கமானது. ஆயினும் பரிசளிப்புச் செய்திகளில் வென்றவரின் பெயர் இடம்பெறும் அளவுக்கு, பரிசுக்குப் பெயர் தந்தவரின் வாழ்க்கை இடம்பெறுவதில்லை. நினைவுகூர்தலையே நோக்கமாகக் கொண்ட ஒரு மரபில் இது சிறிய குறையன்று.

பயிற்சி முடித்துப் பணியில் இருப்போருக்கான நினைவுப் பதக்கங்களும் உள்ளன. 1971 டிசம்பர் 9 அன்று பாகிஸ்தானின் ஹங்கோர் நீர்மூழ்கியால் மூழ்கடிக்கப்பட்ட ஐ.என்.எஸ். குக்ரி போர்க்கப்பலில், ஒலியலை கொண்டு நீருக்கடியில் உள்ளதை அறியும் சோனார் கருவியை மேம்படுத்த முனைந்திருந்தவர் லெப்டினன்ட் வி.கே. ஜெயின். அவர் பெயரிலான தங்கப் பதக்கம் பயன்பாட்டு ஆராய்ச்சிக்கு அளிக்கப்படுவதால், மனிதரும் துறையும் இங்கு ஒன்றிப் பொருந்துகின்றன.

அடிப்படைப் பயிற்சி நடைபெறும் இந்தியக் கடற்படை அகாடமி, சங்க இலக்கியத்தில் நன்னனின் மலையாகப் பேசப்படும் ஏழிமலையில், 2009 ஜனவரி 8 அன்று திறக்கப்பட்டது. அங்கு சிறந்த பெண் பயிற்சியாளருக்கு உரிய கோப்பை, கோழிக்கோட்டை ஆண்ட சாமூதிரி மன்னர்களின் பெயரைத் தாங்குகிறது.

கடற்கரையற்ற விருதுநகர் மாவட்டத்தின் ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பகுதி மாணவர்களுக்கும் இப்பரிசுகளுக்கான பாதை திறந்தே உள்ளது. படை அதிகாரிப் பயிற்சிக்கு மாணவர்களை ஆயத்தப்படுத்த 1962இல் தொடங்கப்பட்ட அமராவதிநகர் சைனிக் பள்ளியில் நுழைவுத் தேர்வின் வழியே 6, 9ஆம் வகுப்புகளில் சேரலாம். பள்ளிப் படிப்பை முடிப்பவர்கள் ஜே.இ.இ. மெயின் தரவரிசையைக் கொண்டு ஏழிமலையின் பி.டெக். நுழைவுக்கு விண்ணப்பிக்கலாம். முப்படைகளுக்கும் அதிகாரிகளைப் பயிற்றுவிக்கும் கடக்வாஸ்லாவின் தேசியப் பாதுகாப்பு அகாடமிக்கான தேர்வை மத்தியப் பணியாளர் தேர்வாணையம் ஆண்டுக்கு இருமுறை நடத்துகிறது. அந்த அகாடமியில் 2022 முதல் பெண்களும் பயில்கின்றனர்.