எரியோட்டில் எத்தனை எழுத்து

எரியோடு என்ற ஊர்ப்பெயரில் எத்தனை எழுத்து என்று ஒன்றாம் வகுப்புப் பிள்ளையைக் கேட்டால், விரல் மடக்கி நான்கு என்று சொல்லிவிடும். பைத்தான் என்ற நிரல்மொழி ஏழு என்னும். சில சமயம் எட்டு என்னும். அந்த ஏழுக்கும் எட்டுக்கும் நடுவில் சிக்கி, என்னிடம் படித்த ஒரு பெண்ணின் சரியான விடைக்குச் சுழியம் விழுந்தது. போட்டது, நிரல்களை ஓட்டித் திருத்த நான் அமைத்த டெஸ்ட் ரன்னர். அதற்குச் சொல்லிக்கொடுத்தவள் நான்.

பன்னிரண்டாம் வகுப்புக் கணினி அறிவியலில் பைத்தான் வந்தது 2019இல். மாலையில் என் வீட்டு மாடிக்கு முப்பது பிள்ளைகள் வருவார்கள். சிலரிடம் அண்ணனோ அக்காளோ பள்ளியில் வாங்கிய அரசு மடிக்கணினி இருந்தது. மற்றவர்கள் செல்பேசியில் எழுதினார்கள். ஆளுக்கு ஐந்து பயிற்சி என்றால் நூற்றைம்பது நிரல். ராத்திரி பதினோரு மணிவரை திருத்தினாலும் பாதி நேரம் விட்டுப்போன முக்காற்புள்ளியைத் தேடுவதிலேயே போய்விடும். யோசனை எங்கே தவறியது என்று பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித்தர நேரம் மிஞ்சாது. அதற்காகத்தான் திருத்துகிற வேலையை இயந்திரத்திடம் கொடுத்தேன்.

இந்தக் கலைக்கு அறுபது வயது தாண்டிவிட்டது என்பது பிறகுதான் தெரிந்தது. நியூயார்க் மாநிலத்தின் டிராய் நகரில், ரென்சலேர் தொழில்நுட்பக் கல்லூரியில் ஜாக் ஹாலிங்ஸ்வொர்த் இதைச் செய்து பார்த்து, 1960 அக்டோபரில் கட்டுரையாக எழுதியிருக்கிறார். இயந்திரம் ஐ.பி.எம். 650. திரை கிடையாது, துளையிட்ட அட்டைகள்தாம். மாணவர் எழுதிய நிரலையும் திருத்தும் நிரலையும் சேர்த்தே உள்ளே ஏற்றுவார்கள். இரண்டும் ஒரே காந்த உருளையில் குடியிருக்கும். மாணவரின் நிரல் தடம் புரண்டால் திருத்தும் நிரலையே மாற்றி எழுதிவிடக்கூடும். அந்த ஆபத்தை அவர் மறைக்கவில்லை. அந்த நேர்மைக்காகவே அவரை எனக்குப் பிடிக்கும்.

அவருடைய கவலைக்கு இன்று நாம் கட்டும் சுவர்தான் டாக்கர் என்ற மென்பொருள். வருகிற ஒவ்வொரு நிரலுக்கும் தனி அறை. ஓடி முடித்ததும் அறையையே இடித்துவிடலாம். என் அறைகளுக்கு இணையம் இல்லை, நினைவகத்துக்கு ஓர் அளவு, இரண்டு விநாடிக்கு மேல் ஓடினால் நிறுத்தம். முதல் வாரமே ஒரு பையன் முடிவில்லாத வளையம் ஒன்றை அனுப்பினான். அவன் அறை மட்டும் மூடப்பட்டது, மற்றவர்களின் நிரல்கள் அவை பாட்டுக்கு ஓடின. அன்றைக்கு எனக்கு வந்த நிம்மதி கொஞ்சமில்லை.

ஹாலிங்ஸ்வொர்த்துக்குப் பிறகு, 1964இல் டென்மார்க்கின் பீட்டர் நௌர் அல்கால் மொழி படித்த மாணவர்களின் நிரல்களை இயந்திரத்தால் திருத்தினார். அடுத்த ஆண்டு ஸ்டான்ஃபோர்டில் ஜார்ஜ் ஃபோர்சைத்தும், பின்னாளில் பாஸ்கல் மொழியை உருவாக்கிய நிக்லாஸ் விர்த்தும் எழுதிய கட்டுரையில் திருத்தும் நிரலுக்கு மூன்று வேலைகள்: உள்ளீடு கொடுப்பது, ஓடும் நேரத்தைக் கணக்கு வைப்பது, மதிப்பெண் பேரேடு எழுதுவது. என் மாடியில் இருப்பதும் அந்த மூன்றுதான். நம் பக்கத்துக்கு இது தாமதமாக வந்தாலும் வேகமாகப் பரவியது. திருச்சி என்.ஐ.டி.யில் படித்த விவேக் ரவிசங்கரும் ஹரி கருணாநிதியும் தொடங்கிய ஹேக்கர்ரேங்க் தளத்தில் நிரல் எழுதவைத்து இன்று நிறுவனங்கள் வேலைக்கு ஆள் எடுக்கின்றன. என்பிடெல் இணையவழி நிரல் பாடங்களிலும் வாராவாரம் இயந்திரம்தான் திருத்துகிறது. சில சோதனைகளைக் காட்டிவிட்டுச் சிலவற்றை மறைத்து வைக்கும். மறைத்து வைப்பதை அங்கே பயின்றுதான் நானும் கற்றேன்.

அந்தப் பெண்ணுக்குச் சுழியம் விழுந்த பயிற்சி எளிது. திண்டுக்கல்லில் ரயில் புறப்படும் நேரத்தைக் கொடுத்தால், அது எரியோட்டுக்கு வரும் நேரத்தை ஊர்ப்பெயரோடு அச்சிட வேண்டும். அந்தப் பெண்ணின் விடையும் நான் எழுதி வைத்த விடையும் திரையில் அச்சு அசலாக ஒன்று. இயந்திரமோ தவறு என்றது. மூன்று முறை அனுப்பினாள், மூன்று முறையும் தவறு.

குற்றம் 'யோ'வில் இருந்தது. யூனிகோடில் ஓகாரக் குறியை ஒரே குறியீடாக வைக்கலாம். இரட்டைக்கொம்பு தனி, கால் தனி என்று இரண்டாகவும் வைக்கலாம். கண்ணுக்கு வேறுபாடே தெரியாது. நான் எழுதியது முதல் வகை, ஏழு குறியீடு. அவள் அனுப்பியது இரண்டாம் வகை, எட்டு. ஒப்பிடும் முன்பு இரண்டையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவர பைத்தானிலேயே வழி இருக்கிறது, ஒரு வரி போதும். தமிழ் எழுத்தை எழுத்தாகவே எண்ணுவதற்கு முத்து அண்ணாமலையும் நண்பர்களும் உருவாக்கிய ஓப்பன்-தமிழ் நிரலகம் உண்டு. அதைக் கேட்டால் நான்கு என்று சரியாகச் சொல்கிறது.

அந்த ஒரு வரியைச் சேர்த்த ராத்திரி, பழைய விடைகள் எல்லாவற்றையும் மறுபடி ஓட்டினேன். இன்னும் மூன்று பேருக்குச் சுழியம் போட்டிருந்தேன். இரண்டு பேர் அப்போதும் வந்துகொண்டிருந்தார்கள், மறுநாளே சொல்லிவிட்டேன். மூன்றாவது பையன் வருவதை நிறுத்தி ஐந்து மாதம் ஆகியிருந்தது. வேடசந்தூர் பக்கம் ஒரு நூல் மில்லில் ஷிப்டுக்குப் போகிறான் என்றார்கள். ஞாயிற்றுக்கிழமை அவன் வீட்டுக்கே போய், உன் விடை சரிதாம்ப்பா, என் திருத்தல்தான் தப்பு என்றேன்.

"அப்பவே சரியா டீச்சர்?" என்று கேட்டான். "நமக்கு இது வராதுன்னுல்ல நெனச்சு விட்டேன்."